தேதி போடாத கடிதம்

மே 6, திங்கள்

ஆபீசர் பரீட்சைக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. இது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு முறையும் சட்டப் பாடத்தில்தான் குப்புற விழுந்தேன். அதனால் இந்த முறை ஈரோடு போய் வங்கிச் சட்டமும் கடன் நடைமுறையும் சேர்ந்த தடித்த புத்தகம் ஒன்றை நானூற்றி எண்பது ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். சென்னிமலைக் கிளையில் பதினேழு வருடமாகக் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். எனக்குத் தெரியாத கடன் நடைமுறையை இந்தப் புத்தகம் என்ன சொல்லிவிடப் போகிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கேள்வித்தாள் போடுகிறவனுக்கு அது தெரிய வேண்டுமே.

பரீட்சை ஜூன் 29. தினமும் காலை ஐந்தரை முதல் ஏழு வரை படிப்பு. படித்ததை இந்த நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். எப்படியும் நான் நாட்குறிப்பு எழுதுகிறவள்தான்.

மே 9, வியாழன்

மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது. படிக்கவில்லை.

மே 12, ஞாயிறு

ஜாமீன் பாடம். வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து, புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்கிறேன் என்று உட்கார்ந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனுஷன், கை முழுக்க வார்னிஷ். நாற்பத்தி ஒன்றாம் பக்கத்தில் கட்டைவிரல் அச்சு அப்படியே விழுந்துவிட்டது.

"ஏம்மிணி, ஜாமீன் போட்டவனோட பொறுப்பு எவ்வளவு?"

"வாங்கினவனுக்கு எவ்வளவோ, அவ்வளவும்."

"செரி. ஆனா வாங்கித் தின்னவனத்தானே மொதல்ல கேப்பாங்க? அவன் இல்லீன்னாத்தானே இவன்?"

"அதெல்லாம் இல்லீங்க. பேங்கு நெனச்சா ஜாமீன்காரனையே நேராப் புடிக்கலாம்."

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "அடக் கொடுமையே. நான் மூணு பேருக்குப் போட்டிருக்கறனே."

"மூணு பேருக்கா? எனக்குத் தெரியாமயா?"

அதற்குப் பிறகு படிப்பு நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. பதினேழு வருடம் கடன் பிரிவில் இருக்கிறவள் வீட்டிலேயே இந்தக் கூத்து.

மே 20, திங்கள்

மேனேஜர் புருஷோத்தமன் சார் பழைய வராக்கடன் கோப்புகளை எல்லாம் எடுத்து மேஜை மேல் அடுக்கச் சொன்னார். சென்னைக்காரர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வசூல் குறைவு என்று மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். கந்தவேல் பேக்கரி கோப்பைப் புரட்டினார். 2013 ஆகஸ்ட் 12-ல் கொடுத்த நாலு லட்சம். கந்தவேல் கடையை மூடிவிட்டுக் கேரளாப் பக்கம் போனவன், ஆள் அகப்படவில்லை. வட்டியோடு ஆறு லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஜாமீன் போட்டிருப்பது அவனுடைய அக்கா தெய்வாத்தாள்.

"ரெண்டு எட்டு பதினாறு தேதியில ரிவைவல் லெட்டர் இருக்கு. யாரோ புண்ணியவான் கரெக்டா வாங்கி வெச்சிருக்காங்க," என்றார் சார். "அதனால இந்த ஆகஸ்ட் ரெண்டு வரைக்கும் கேஸ் போட நமக்கு டைம் இருக்கு. அக்காவுக்கு நோட்டீஸ் அனுப்பிடலாம் மேடம். சொந்த வீடு இருக்கில்ல?"

இருக்கிறது என்றேன். நோட்டீசை நான்தான் டைப் செய்தேன்.

மே 24, வெள்ளி

காலவரையறைச் சட்டம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டுக் காசோலைப் பாடத்தை எடுத்தேன். காலவரையறையிலிருந்து பெரிதாக மதிப்பெண் ஒன்றும் வராது.

மே 31, வெள்ளி

காசோலை முடிந்தது. அடமானம் பாதி. காலவரையறை இன்னும் எடுக்கவில்லை. பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடைத் துணி வாங்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

தெய்வாத்தாக்கா நோட்டீசோடு கிளைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். என் மகள் ஐந்தாவது வரை அவர் கையால்தான் முட்டை வாங்கித் தின்றாள். புருஷன் போன பிறகு அந்த மூணு சென்ட் ஓட்டு வீடு ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

மேனேஜர் அறைக்குள் கால் மணி நேரம் இருந்தார். வெளியே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அந்த லெட்டரைக் காட்டறாருங் கண்ணு. கையெழுத்து என்றதுதான், இல்லீன்னு சொல்ல மாட்டேன். கடன் குடுத்த அன்னிக்கி இந்த மேசையில உக்காந்து நெறைய எடத்துல போட்டேன், அது நெனப்பிருக்குது. ஆனா மூணு வருசம் கழிச்சு மறுக்காவும் வந்து போட்டேங்கறாரு. எனக்கு அந்த நெனப்பே இல்ல. வயசு அம்பத்தாறு ஆச்சு, சக்கரை வேற, ஒண்ணும் நெனப்புல நிக்கறதில்ல. அதுல உன்ற கையெழுத்தும் இருக்குதாம். நீயே சொல்லு. நான் வந்தனா?"

பதில் சொன்னேன். சரி என்று எழுந்து போனார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

தலைவலி. குடையைக் கொடுக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

அடமானம், பிணைச் சொத்து, ஈட்டுரிமை எல்லாம் முடிந்தது. மாதிரித் தேர்வில் நூற்றுக்கு எழுபத்தி ஒன்று. குடை இன்னும் அலமாரிப் பக்கத்திலேயே நிற்கிறது. "யாரோட கொடை?" என்றார் அவர். பேங்கில் யாரோ மறந்தது என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைக்கு வேறு பாடம் மிச்சமில்லை. காலவரையறையை எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

மொத்தமே பதினோரு பக்கம். கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் கடன்காரரும் ஜாமீன்தாரரும் "ஆமாம், பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருடம் கிடைக்கும்; ரிவைவல் லெட்டர் என்பது அதுதான். ஒரு நாள் தாண்டி வாங்கினாலும் அந்தக் கடிதம் வெறும் காகிதம். கெடு தாண்டிவிட்டால் கடன் அழியாது, ஆனால் கோர்ட்டு வழியாகக் கேட்க முடியாது. கடன்காரர் தானாகக் கொண்டுவந்து கட்டினால் மட்டும் பேங்கு வாங்கிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கத்தான் ஒரு மாதமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன், இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

கடன் கொடுக்கிற நாளிலேயே பத்துப் பன்னிரண்டு பாரங்களில் கையெழுத்து வாங்குவோம். அதில் தேதி போடாத ரிவைவல் லெட்டரும் ஒன்று. மூன்று வருடம் கழித்து ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை, நாமே ஒரு தேதியைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். யாரும் இதைத் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. கந்தவேல் கோப்பில் 2016 ஆகஸ்ட் 12-க்கு முன்னால் தேதி போட மறந்துவிட்டேன். நவம்பரில் பழைய நோட்டு மாற்ற ஊரே பேங்கு வாசலில் நின்றது, மூச்சுவிட நேரமில்லை. அப்போதுதான் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அன்றைய மேனேஜர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், "பன்னண்டாம் தேதிக்கு முன்னால ஒண்ணப் போட்டு வெச்சிரும்மா" என்றார். டேபிள் காலண்டரில் சிவப்பு மை இல்லாத நாளாகப் பார்த்து ஆகஸ்ட் 2 என்று போட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு. கீழே "என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது" என்று எழுதி என் சுருக்கொப்பமும் வைத்தேன்.

அந்தக் கடன் 2016 ஆகஸ்டிலேயே கோர்ட்டுக்குப் போகத் தகுதி இழந்துவிட்டது. நான்தான் உயிர் கொடுத்தேன்.

எல்லாக் கிளையிலும் நடக்கிறதுதான். தெய்வாத்தாக்கா ஜாமீன் போட்டது நிஜம்தானே. பணம் போனதும் நிஜம்தானே.

ஜூன் 22, சனி

மாதிரித் தேர்வில் எழுபத்தெட்டு.

ஜூன் 29, சனி

கோவையில் பரீட்சை. காலை ஆறு மணி பஸ்ஸில் போனேன். அவர் இட்லி கட்டிக் கொடுத்தார், சட்னி கசிந்து ஹால் டிக்கெட் ஓரம் நனைந்துவிட்டது.

நன்றாகவே எழுதினேன். கடைசிக் கேள்வி பத்து மதிப்பெண்: "கடன் ஒப்புகைக் கடிதம் பெறுவதில் வங்கி ஊழியர் கவனிக்க வேண்டியவை யாவை?" உட்கார்ந்து எழுதினேன். கையொப்பமிடுபவர் ஊழியரின் முன்னிலையில் தாமே தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும், வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையொப்பம் பெறுதல் கூடாது, தேதியைத் திருத்துதல் கூடாது. ஒன்றரைப் பக்கம், அழகான கையெழுத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பையன் திரும்பிப் பார்த்தான்.

ஜூலை 1, திங்கள்

காலையில் உள்ளே நுழைந்ததும் சார் லட்டு நீட்டினார். என் பரீட்சைக்கு என்று நினைத்தேன்.

"கந்தவேல் பேக்கரி குளோஸ் மேடம். கோர்ட்டுக்குப் போனா ஆறு லட்சம், இப்பவே கட்டுனா மூணரை, மீதி தள்ளுபடின்னு சொல்லியிருந்தேன். சனிக்கிழமை அந்தம்மா மொத்தமாக் கொண்டாந்து கட்டிட்டாங்க."

எங்கிருந்து பணம் என்று கேட்டேன். வீட்டை ஒன்பது லட்சத்துக்குப் பேசி, மூன்றரை லட்சம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். ஆடியில் கிரயம் செய்ய மாட்டார்கள், ஆவணி முதல் வாரத்தில் பத்திரம். பரீட்சையில் நான் அந்தப் பத்து மதிப்பெண் கேள்வியை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கவுண்டரில் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு, ஜூன் 4-ஆம் தேதி, நான் சொன்ன பதிலை இந்த நோட்டில் எழுதவில்லை. "வந்தீங்கக்கா" என்றேன். "மறந்துட்டீங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன்.

லட்டைத் தின்றேன். வாயில் வைத்ததைத் துப்பவா முடியும்.

ஜூலை 10, புதன்

பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்க அக்கா வந்தார். நான்தான் டைப் செய்து, சீல் வைத்து, கையில் கொடுத்தேன்.

"நீ நெனப்பு வெச்சிருந்து சொன்னதால தப்பிச்சேன் கண்ணு. இல்லீன்னா வரவே இல்லீன்னு வம்புக்கு நின்னு, வக்கீலுக்கு வேற கொட்டியிருப்பேன்," என்றார். வாடகைக்கு ஒற்றை அறை பார்த்திருக்கிறாராம். தண்ணீர் வசதி இல்லையாம், அது ஒன்றுதான் குறையாம்.

குடையைப் பற்றிக் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

தேறிவிட்டேன். சட்டத்தில் எண்பத்து மூன்று. நேர்காணல் ஆகஸ்ட் 8, சென்னையில். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "சனிக்கிழம பெருக்கு வருது, கொடுமுடிக்குப் போலாமா?" என்றார் அவர். "ஆத்துக்குப் போயி மூணு வருசம் ஆச்சு. அந்தத் தடவ அமாவாசையும் பதினெட்டும் ஒண்ணா வந்து, கூட்டம் நெரிஞ்சுதே. வேன் புடிச்சுப் போனமே, தெய்வாத்தாக்காகூட வந்தாங்களே. வளைவுல வாந்தி எடுத்து எஞ் சட்டையெல்லாம் நாசம்."

"அது என்னிக்கு?"

"இதென்ன கேள்வி? ஆடி பதினெட்டு அன்னிக்குத்தான்."

சோற்றுக் கையோடு எழுந்து போய் பீரோவுக்கு மேலிருந்து 2016 நாட்குறிப்பை எடுத்தேன். என் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை. "ஆகஸ்ட் 2, செவ்வாய். லீவு. கொடுமுடி. தெய்வாத்தாக்கா புளிசாதம் கொண்டுவந்தார், உப்பு கம்மி. வீடு திரும்ப ஏழு மணி."

டேபிள் காலண்டரில் தமிழ் மாதம் கிடையாது. சிவப்பு மை இல்லையே என்று நான் தேர்ந்தெடுத்த நாளில், கையெழுத்துப் போட்டதாகச் சொன்னவரும், முன்னிலையில் போட்டதாகச் சொன்னவளும் பேங்குப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கொடுமுடி ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு முங்கிக்கொண்டிருந்தோம். பேங்கு வருகைப் பதிவேட்டிலும் என் லீவு இருக்கும். ஒருவேளை அந்தத் தேதியில் எதற்காவது அவர் பேங்குக்கு வந்திருக்கலாம், நான் மறந்திருக்கலாம் என்று மனதுக்குள் ஒரு மூலையில் பொய்யாக ஒன்றை வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு காய்ந்து தட்டில் ஒட்டிக்கொண்டது. "வேல போயிருமா?" என்று மட்டும் கேட்டார். போகலாம் என்றேன்.

ஜூலை 31, புதன்

புத்தகத்தை மறுபடி எடுத்தேன், பரீட்சைக்கு அல்ல. ஒப்பந்தச் சட்டம், பிரிவு எழுபத்திரண்டு: தவறாக நம்பிக் கட்டிய பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். கெடு தாண்டிய கடன் என்று தெரிந்தே கட்டினால் பேங்கு வைத்துக்கொள்ளலாம். அக்கா அப்படித் தெரிந்து கட்டவில்லை. என் பொய்யை நம்பிக் கட்டினார். அதை நிரூபிக்க ஒரு ஆள் வேண்டும், அது நான்தான். வீட்டுக் கிரயத்துக்கு முன்னால், ஆவணி பிறப்பதற்குள் வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

பெருக்கு. கொடுமுடிக்குப் போகவில்லை. லீவு போட்டுவிட்டு, குடையையும் பழைய நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு தெய்வாத்தாக்கா வீட்டுக்குப் போனேன்.

பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். "வா கண்ணு, கொடை கெடச்சுருச்சா!" என்றார். நான் உட்காரவில்லை. நாட்குறிப்பைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"புளிசாதத்துல உப்பு கம்மியா? அன்னிக்கி நல்லாருக்குதுன்னு ரெண்டு வாட்டி வாங்கித் தின்னியே," என்று சிரித்தார்.

"தேதியைப் பாருங்கக்கா. நீங்க லெட்டர்ல கையெழுத்துப் போட்டதா இருக்கற தேதி அது. நீங்க வரலைங்க. அந்தத் தேதிய நாந்தான் போட்டேன், நவம்பர்ல. இல்லீன்னா அந்தப் பணத்த நீங்க கட்டியிருக்கவே வேண்டியதில்ல."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் மேனேசர்கிட்ட கேட்டனா? வக்கீல்கிட்ட கேட்டனா? உன்றகிட்டத்தானேடி கேட்டேன்."

என்னிடம் அவர் 'டி' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பணத்தை மீட்க வழி இருக்கிறது, நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. "மறதி வந்துருச்சு, புத்தி கெட்டுப்போச்சுன்னு ரெண்டு மாசமா டாக்டருகிட்ட மாத்தர வாங்கித் தின்னுட்டிருக்கறேன்," என்றார். பிறகு கதவைக் காட்டினார். "போயிரு."

குடையை நீட்டினேன். வாங்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தேன். தெருவில் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு எதிரே வந்தார்கள். அழுதுகொண்டே நடந்தேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மண்டல அலுவலகத்துக்குக் கடிதம். நாலு தடவை கிழித்து ஐந்தாவது தடவை எழுதினேன். "மேலிட அறிவுறுத்தலின் பேரில்" என்று முதலில் எழுதியிருந்தேன், அதை அடித்தேன். பேனா என் கையில்தான் இருந்தது. அவர் போய் 2016 நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துவந்தார். மூன்று பிரதி. கேட்டது இரண்டுதான். "ஒண்ணு நம்மகிட்ட இருக்கட்டும்," என்றார்.

வேலை போகக் கூடாது என்று ஆசையாகத்தான் இருக்கிறது. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பத்து மணிக்கு சார் மேஜையில் கடிதத்தை வைத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். இரண்டு முறை படித்தார். வியர்த்துவிட்டது அவருக்கு. நல்ல மனுஷன்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், வியாழக்கிழமை உங்களுக்கு இன்டர்வியூ. இப்ப இத அனுப்புனா நீங்க உள்ளயே போக முடியாது. நான் வேண்டாங்கல. தேதிய மட்டும் ஒம்பதுன்னு மாத்திக் கொடுத்திடுங்க. இன்டர்வியூ முடிஞ்சதும் நானே பார்வர்டு பண்றேன். நாலு நாள்தான, யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

தன் பேனாவையே மூடி கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னிக்குத் தேதியே இருக்கட்டுங்க சார்," என்றேன்.

கையெழுத்துப் போட்டார். கீழே தேதியும் போடச் சொன்னேன், போட்டார்.

சாயங்காலம் பிரதியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சாக்கு மூட்டைகள் அப்படியே இருந்தன. ஜன்னல் வழியாகவே கடிதத்தை வாங்கிப் படித்தார், முதலில் மேலே இருந்த தேதியைத்தான் பார்த்தார். குடையை நீட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.